உங்களுக்குத் தெரியுமா? ஃபிரிட்ஜில் தூங்கும் ஆமைக்குஞ்சு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் ஒன்று என்பது நம் ஊர்ப் பேச்சு. இங்கிலாந்தில் அதே ஆமை செல்லப்பிள்ளை. அக்டோபர் பிறந்துவிட்டால் ஆமை வளர்க்கிற வீடுகளில் ஒரே கேள்விதான்: இந்த வருஷம் பொரித்த குஞ்சைக் குளிர்காலத்தில் தூங்க விடுவதா, விளக்குப் போட்டு விழித்திருக்கச் செய்வதா? இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

● ஐரோப்பியத் தோட்டங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஹெர்மன் ஆமை, முட்டையிலிருந்து வெளிவரும்போது பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். எடை சுமார் 12 கிராம். நம் கணக்கில் ஒன்றரை சவரன்! இந்த ஒன்றரை சவரன் உயிரைத்தான் பனிக்காலம் முழுக்கக் கட்டிக் காக்க வேண்டும்.

● நமக்குக் குளிர்ந்தால் கம்பளி போர்த்துகிறோம். கம்பளி சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆமைக்கோ அப்படிப் பிடித்து வைக்கச் சொந்தச் சூடே கிடையாது. எத்தனை துணி சுற்றினாலும், சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிர்கிறதோ கடைசியில் அதுவும் அவ்வளவு குளிரும். பெரிய ஆமை மெல்லக் குளிரும். குஞ்சு சட்டென்று குளிரும். அண்டா நிறைய வெந்நீர் ராத்திரி முழுக்கச் சூடாக இருக்கும், டம்ளர் காப்பி பத்து நிமிஷத்தில் ஆறிவிடும் இல்லையா, அதே கதை.

● கரடியின் தூக்கத்தையும் ஆமையின் தூக்கத்தையும் ஒரே பெயரால் சொல்லக் கூடாது என்று நினைத்த அமெரிக்க விலங்கியலாளர் வில்பர் மேஹ்யூ, ஊர்வனவற்றின் குளிர்கால ஒடுக்கத்துக்கு 1965-ல் ‘புரூமேஷன்’ என்று தனிப் பெயர் வைத்தார். ஆமை வளர்ப்பவர்களில் பலர் இன்னும் ‘ஹைபர்னேஷன்’ என்ற பழைய சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆமைக்குக் கவலை இல்லை.

● இந்த விஷயத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே எண் 5. தூங்கும் ஹெர்மன் போன்ற மத்தியதரைக்கடல் நாட்டு ஆமைக்கு ஏற்ற வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் உடம்பில் உள்ள நீர் உறையத் தொடங்கும். பிழைத்தாலும் கண் போய்விடக்கூடும். வசந்தத்தில் எழுந்து, தட்டு முன்னால் இருந்தும் கீரை எங்கே என்று தெரியாமல் நிற்கும் ஆமைகளைப் பிரிட்டன் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 10 டிகிரிக்கு மேலே போனால் வேறு தொல்லை. ஆமை அரைகுறையாக விழித்துக்கொள்ளும், சேமிப்பு கரைய ஆரம்பிக்கும்.

● இதனால்தான் உலகத்திலேயே மோசமான இடம் ‘கொஞ்சம் கதகதப்பான’ அறை. 12, 15 டிகிரியில் வைத்த குஞ்சு சரியாகத் தூங்கவும் செய்யாது, பசித்துச் சாப்பிடவும் செய்யாது. சாப்பிட்டாலும் செரிக்காது. இரண்டுங்கெட்டான் நிலை. ‘தூங்க வைக்கப் பயமாக இருந்தது, அதனால் சமையலறை மூலையில் பெட்டியில் விட்டோம்’ என்கிறவர்களின் குஞ்சுகள்தான் பெரும்பாலும் மெலிந்து போகின்றன. என்னைக் கேட்டால், தூங்க வைப்பதா வேண்டாமா என்ற சண்டையைவிட இது முக்கியம். தூங்கினால் முழுசாகத் தூங்க வேண்டும், விழித்தால் முழுசாக விழித்திருக்க வேண்டும்.

● அந்த 5 டிகிரியை மாதக்கணக்கில் மாறாமல் தரும் கருவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஃபிரிட்ஜ்! பால், தயிர், தக்காளியோடு ஆமையா என்று முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பாலும் இதற்கென்றே தனியாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கி வைத்திருப்பார்கள், சிலர் ஒயின் குளிர்விக்கும் பெட்டியை வாங்குவார்கள். கதவைத் திறந்து பார்த்தால் கீழ்த்தட்டில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். குடிப்பதற்கு அல்ல. கதவைத் திறக்கும்போது காற்றின் குளிர் ஓடிவிடும், தண்ணீரின் குளிர் ஓடாது. பாட்டில்கள் உள்ளே இருந்தால் வெப்பநிலை ஏறி இறங்காது. மேல்தட்டில், மூடியில் துளை போட்ட ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் லேசாக ஈரப்பதமுள்ள மண். மண்ணுக்குள் குஞ்சு. டப்பாவுக்குள்ளிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து, கதவில் ஒட்டியிருக்கும் தெர்மாமீட்டரில் முடியும். அதில் இப்போதைய வெப்பநிலை மட்டுமல்ல, இரவில் தொட்ட அதிகபட்சமும் குறைந்தபட்சமும் தெரிய வேண்டும். நடு ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பதுதானே கேள்வி!

● மூடிய ஃபிரிட்ஜில் மூச்சு முட்டாதா? தூங்கும் ஆமைக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ரொம்பக் கொஞ்சம். தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து விசிறிவிட்டு மூடினால் போதும். புது ஃபிரிட்ஜை வாங்கின அன்றே ஆமையை உள்ளே வைப்பது மட்டும் கூடாது. ஒன்றிரண்டு வாரம் வெறுமனே ஓடவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துத் திருகைச் சரிசெய்த பிறகுதான் குஞ்சு குடிபுகும். பால் காய்ச்சிக் குடிபுகுவது மாதிரி!

● ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பெட்டிக்குள் பெட்டி. உள்ளே சின்ன மரப்பெட்டி, வெளியே பெரிய பெட்டி, நடுவில் கிழித்த காகிதமோ தெர்மோகோலோ. இது சூடு தராது, குளிர் உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கும். மரப்பெட்டியாக இருப்பதற்கு இன்னொரு காரணம், எலி. தூங்கும் ஆமையின் காலை எலி கடித்துத் தின்றாலும் ஆமையால் நகர முடியாது.

● 1960-களிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன்பு, பிபிசியின் ‘புளூ பீட்டர்’ சிறுவர் நிகழ்ச்சியில் ஆமையைப் பெட்டிக்குள் வைத்துத் தூங்க அனுப்புவது ஒரு சடங்காகவே நடந்தது. பிரிட்டனில் ஒரு தலைமுறை ஆமை வளர்ப்பைக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். நிகழ்ச்சியின் முதல் ஆமைக்கு ஃப்ரெட் என்று ஆண்பிள்ளைப் பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது பெண் என்று தெரிந்தது. ஃப்ரெடா ஆனது.

● தூங்கப் போகும் ஆமைக்கு நல்ல சாப்பாடு போட்டு அனுப்புவதுதானே முறை? கல்யாணத்துக்குப் போகிறவனுக்கு அப்படிச் செய்யலாம். ஆமைக்கு அது விஷம். உடம்பு குளிர்ந்ததும் செரிமானம் நின்றுவிடும், ஆனால் குடலில் இருக்கும் கீரை சும்மா இருக்காது. புளிக்கும், அழுகும், வாயு உண்டாகும். அதனால் தூக்கத்துக்கு முன் பட்டினி. பெரிய ஆமைக்கு மூன்று நான்கு வாரம், குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். பட்டினி என்றால் குளிரில் அல்ல. முதல் நாட்களில் உடம்பு கதகதப்பாக இருந்தால்தான் குடல் வேலை செய்து காலியாகும். அதன் பிறகு விளக்கு நேரத்தைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, படிப்படியாக 5-க்கு இறக்க வேண்டும். நேற்று வரை தின்ற குஞ்சை இன்று ஃபிரிட்ஜில் வைத்தால் அது கொலை.

● சாப்பாடுதான் கிடையாது, குளியல் உண்டு. தட்டையான கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், குஞ்சின் தாடை வரை. முதலில் தலையை இழுத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் கழித்துக் கழுத்து நீளும், மூக்கு தண்ணீரில் முங்கும், தொண்டை மட்டும் மேலும் கீழும் அசையும். குடிக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து வெள்ளையாக ஏதோ வரும். சுண்ணாம்புக் குழைவு மாதிரி இருந்தால் சரி, மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. ஆமையின் சிறுநீர்ப்பைதான் அதன் தண்ணீர்த் தொட்டி. மாதக்கணக்கான தூக்கத்தில் அதிலிருந்துதான் நீரை எடுத்துக்கொள்ளும். தூங்கும்போது டப்பாவில் ஈரம் தெரிந்து, அது சிறுநீர் என்று புரிந்தால், அப்புறம் யோசனையே இல்லை. தொட்டி காலி. அன்றைக்கே எழுப்பிவிட வேண்டும்.

● தூங்கும் ஆமை மாதத்துக்குத் தன் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையலாம். பத்து சதவீதம் குறைந்தால் தூக்கம் போதும், எழுப்பு என்பது பழைய விதி. 40 கிராம் குஞ்சுக்கு ஒரு சதவீதம் என்பது 0.4 கிராம். சமையலறைத் தராசு இதைப் பார்க்கவே பார்க்காது. அதனால் குஞ்சு வளர்ப்பவர்கள் வாங்குவது நகைக்கடைத் தராசு. ஐந்து சவரன் குஞ்சு அரை சவரன் இளைத்துவிட்டால் ஆபத்து என்று நம்மவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

● ஆமை தூங்கத் தகுதியானதா என்று பார்க்க ஒரு வரைபடமே உண்டு. பிரிட்டன் கால்நடை மருத்துவர் ஆலிஃபன்ட் ஜாக்சன் நூற்றுக்கணக்கில் ஆமைகளை அளந்து, ஓட்டின் நீளத்துக்கு எவ்வளவு எடை இருந்தால் ஆரோக்கியம் என்று கோடு போட்டுக் காட்டினார். அவருடைய கட்டுரை 1980-ல் வந்தது. ‘ஜாக்சன் விகிதம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அவர் அளந்தவை கிரேக்க ஆமையும் ஹெர்மன் ஆமையும் மட்டும்தான். மற்ற இனங்களுக்கு அது பொருந்தாது. குஞ்சுகளை அதில் வைத்துப் பார்ப்பதும் தப்பு. இன்னொன்று, கனமான ஆமை எல்லாம் கொழுத்த ஆமை அல்ல. வயிற்றில் முட்டை இருக்கலாம், சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம்.

● பத்து சதவீதம் இளைத்தால் எழுப்பு என்றோமே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. நிலவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிய முதல் உயிர்களில் இரண்டு ஆமைகள் உண்டு! 1968 செப்டம்பரில் சோவியத் யூனியன் அனுப்பிய ஸோண்ட்-5 விண்கலத்தில் போனவை. அப்பல்லோ-8 மனிதர்களுக்கு மூன்று மாதம் முன்னாலேயே நிலவைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலில் வந்து விழுந்தன. ஏறும் முன்பே பட்டினி போட்டிருந்தார்கள். திரும்பியபோது எடையில் சுமார் பத்து சதவீதம் குறைந்திருந்தது, ஆனால் உற்சாகமாகச் சாப்பிட்டன. அவை மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமைகள். கஜகஸ்தான் புல்வெளியில் குளிருக்கும் தூங்கும், கோடை வறட்சிக்கும் தூங்கும் இனம். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான். பட்டினி அதற்குப் புதிதல்ல.

● ‘என் ஆமை தூங்குமா?’ என்று கேட்பதற்கு முன் ‘என் ஆமையின் பூர்வீகம் எது?’ என்று கேட்க வேண்டும். ஒரே கிரேக்க ஆமை இனத்தில், துருக்கி மலைப்பக்கத்துக்காரர் நீண்ட பனிக்காலத்துக்குப் பழகியவர், துனிசியாக்காரருக்குக் குளிர் ஆகாது. இருவரையும் ஒரே ஃபிரிட்ஜில் வைத்தால் ஒருவர்தான் எழுந்து வருவார். ஆப்பிரிக்காவின் சிறுத்தை ஆமை, சுல்கட்டா ஆமை, தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை ஆகியவற்றுக்குக் குளிர்கால உறக்கம் என்ற பழக்கமே கிடையாது.

● நம் பக்கத்து நட்சத்திர ஆமைக்கும் கிடையாது. தமிழ்நாட்டு முட்புதர்க் காடுகளில் வாழும் அந்த அழகி வெயில் தாங்குவாள், மழைக்குக் குதூகலிப்பாள், 5 டிகிரியில் செத்துப்போவாள். முதுகில் நட்சத்திரம் வரைந்திருக்கும் குற்றத்துக்காக அவளைக் கடத்துகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்ட செய்தியை நீங்களே எத்தனை முறை படித்திருப்பீர்கள்! 2019-ல் உலக வணிகத் தடைப் பட்டியலின் முதல் வரிசைக்கு அவளை ஏற்றினார்கள். இந்தியாவில் அவளை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாரும் ஃபிரிட்ஜைக் காலி செய்ய வேண்டாம்.

● இனி மூலக் கேள்வி. குஞ்சு முதல் வருஷமே தூங்கலாமா? ‘மூன்று வயது வரை தொடாதே’ என்று ஒரு கட்சி. ‘காட்டில் அதற்கு யார் விளக்குப் போட்டார்கள்?’ என்று எதிர்க்கட்சி. இரண்டாவது கட்சி சொல்வது உண்மைதான். மத்தியதரைக்கடல் காடுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் பொரியும் குஞ்சுகள் அந்தக் குளிர்காலத்திலேயே மண்ணுக்குள் போகின்றன. சில குஞ்சுகள் கூட்டைவிட்டே வெளியே வராமல் வசந்தம் வரை கிடக்கும். ஆனால் காட்டைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். காட்டில் அத்தனை குஞ்சும் வசந்தத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் இருப்பதோ ஒன்றோ இரண்டோ, அதற்குக் குழந்தைகள் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் அனுபவசாலிகள் இப்போது நடுவழி பிடிக்கிறார்கள். கோடையில் நன்றாக வளர்ந்த, மூக்கு ஒழுகாத, கண் தெளிவான, இனம் இன்னதென்று நிச்சயமாகத் தெரிந்த குஞ்சுக்கு முதல் குளிர்காலத்தில் மூன்று நான்கு வாரம் மட்டும் தூக்கம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். பெரியதானால் பத்து, பன்னிரண்டு வாரம். அக்டோபர் கடைசியில் பொரித்த கடைக்குட்டி, சமீபத்தில் நோயில் கிடந்தது, சாணத்தில் புழுமுட்டை காணப்பட்டது, நேற்றுத்தான் யாரிடமிருந்தோ வாங்கி வந்தது, இவற்றுக்கெல்லாம் இந்த வருஷம் விளக்குத்தான். நானும் இந்தக் கட்சிதான். தூக்கத்தில் ஆமையின் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே தூங்கிவிடுகிறது. சின்னப் புண்ணோடு போனது பெரிய புண்ணோடு வரும்.

● விழித்திருக்க வைப்பது செலவு பிடித்த வேலை. வெயில் காய ஒரு மூலையில் 30 டிகிரிக்கு மேல் சூடு, மறு மூலையில் குளிர்ச்சி, தினமும் சுமார் பன்னிரண்டு மணி நேரம் புற ஊதா விளக்கு. ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்றால், போதாது. ஓட்டுக்கு வலு தரும் அந்தப் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கே இருட்டு வேறு.

● தூங்காத குஞ்சின் ஓடு கூம்பு கூம்பாகக் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். காற்று வறண்டிருப்பதுதான் அதற்கு முக்கியக் காரணம் என்று சுல்கட்டா குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2003-ல் காட்டியது. விளக்குச் சூட்டில் பெட்டி காய்ந்து போகிறது, பழி தூங்காததன் மேல் விழுகிறது.

● பிரிட்டன் சந்தைகளில் ஒரு காலத்தில் ஆமை காய்கறி மாதிரிக் கூடையில் விற்றது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்தவை. கோடையில் வாங்கி, குளிர்காலத்தில் வைக்கோல் பெட்டியில் போட்டு, வசந்தத்தில் புதைத்துவிட்டு, அடுத்த கோடையில் இன்னொன்று வாங்கினார்கள். 1984-ல் ஐரோப்பியச் சமூகம் அந்த வணிக இறக்குமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே முட்டை பொரிக்க வைக்கும் பழக்கம் பெருகியது. குஞ்சைப் பற்றிய கவலையும் கூடவே.

● எழுப்புவதும் படிப்படியாகத்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஓரிரு மணி நேரம் குளிர்ந்த அறையில், பிறகு சாதாரண அறையில், பிறகு விளக்கடியில். முதல் வேலை சாப்பாடு அல்ல, குளியல். இத்தனை வாரமும் இரத்தத்தில் சேர்ந்த கழிவைத் தண்ணீர்தான் வெளியேற்றும். ஒரு வாரத்துக்குள் இலையைக் கடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஓட வேண்டும். ‘இன்னும் தூக்கக் கலக்கம் போலிருக்கு, மறுபடி உள்ளே வைப்போம்’ என்பது கூடவே கூடாது.

● பிரிட்டனின் புகழ்பெற்ற ஆமைகளில் இரண்டுக்குத் திமோத்தி என்று பெயர், இரண்டுமே பெண்! ஒன்று, 1854-ல் கிரீமியப் போரில் செவஸ்தபோல் மீது குண்டு பொழிந்தபோது ‘குயீன்’ என்ற போர்க்கப்பலில் இருந்து, பிறகு டெவனில் பவுடரம் கோட்டையில் காலம் தள்ளி, 2004-ல் சுமார் 160 வயதில் இறந்தது. பெண் என்று 1926-ல்தான் கண்டுபிடித்தார்கள். மற்றொன்று பதினெட்டாம் நூற்றாண்டில், செல்போர்ன் கிராமத்துப் பாதிரியாரும் இயற்கை ஆர்வலருமான கில்பர்ட் ஒயிட்டின் தோட்டத்தில் இருந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● ஒயிட் அந்த ஆமையை விட்டுவைக்கவில்லை. எடை போட்டுக் குறித்தார், என்றைக்கு மண்ணுக்குள் போனது, என்றைக்கு வெளியே வந்தது என்று எழுதினார். குழாய் ஒலிபெருக்கியை வைத்து அதை நோக்கிக் கத்திப் பார்த்தார். அது கண்டுகொள்ளவில்லை. முதலில் அது அவருடைய அத்தை ரெபெக்கா ஸ்னூக்கின் ஆமை, சசெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் இருந்தது. அத்தை இறந்ததும், 1780 மார்ச்சில் ஒயிட் அங்கே போய், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆமையைத் தோண்டி எடுத்தார். அது சீறியது. கையோடு எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் எண்பது மைல் பயணம். வண்டி போட்ட ஆட்டத்தில் முழுசாக விழித்துவிட்டது. செல்போர்னில் பாத்தி ஓரமாக இறக்கிவிட்டதும், புதுத் தோட்டத்தின் கடைசி வரை இரண்டு தடவை நடந்து பார்த்தது. சாயங்காலம் குளிர் இறங்கியது. மண் பொலபொலவென்று இருந்த இடமாகப் பார்த்துத் தோண்டி, மறுபடி உள்ளே போய்விட்டது.